கெண்டைக்கால்மேல் ஒரு கை

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கும் தோழர்களே, சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் இங்கே வந்து சேர்ந்திருக்கும் நண்பர்களே, முன்வரிசையில் கண்கலங்கி அமர்ந்திருக்கும் அண்ணியாரே! வணக்கம்.

செவ்வாய்க்கிழமை காலையில் என்னோடு டீ குடித்தவருக்கு வெள்ளிக்கிழமை நான் இரங்கல் உரை ஆற்றுகிறேன். இது என்ன நியாயம்? யாரிடம் போய்க் கேட்பது?

இயன்முறை மருத்துவர், நம் துறையின் மூத்த சிகிச்சையாளர், நோயாளிகளின் வாயில் என்றைக்கும் 'மெதுவா சார்'! "மெதுவா, மெதுவா, காலு எங்கேயும் ஓடிப் போயிடாது" என்று ஒரு நாளைக்கு ஐம்பது முறையாவது சொல்வார். நோயாளியின் காலைத் தானே தூக்கி வைக்கும் நடைப்பயிற்சி இயந்திரம் வந்து இறங்கியபோது அதற்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்தவரும் அவர்தான். "மாப்பிள்ளைக்கு ஏ.சி. போட்டாச்சா? முகம் கோணாம பாத்துக்கங்க" என்பார். கேலி செய்தாரே தவிர, அதை இயக்க முதலில் கற்றுக்கொண்டவரும் அவரே. "இனிமே நமக்கு வேலை இருக்குமா சார்?" என்று இளையவர்கள் பயந்தார்கள். "ஆயிரம் தடவை காலைத் தூக்கி வைக்கிறதை அதுக்கிட்ட விடு. ஆளு எப்போ மனசு விட்டுப் போறான்னு நீ பாரு. உனக்கு வேலை நிறைய இருக்கு" என்றார்.

விபத்தில் முதுகெலும்பு அடிபட்ட ஒரு லாரி ஓட்டுநர். எட்டு மாதமாக இரண்டு காலும் மரத்துக் கிடந்தன. இயந்திரத் திரையில் ஒரு கோடுகூட அசையவில்லை. 'இனிப் பயனில்லை' என்று அவர் கோப்பை மூடிக் கையெழுத்துப் போட்டவன், துறைத் தலைவனாகிய நான். திங்கட்கிழமை மெதுவா சார் என் மேசை முன்னால் வந்து நின்றார்.

"கையை வெச்சா அவருக்கு மூச்சு மாறுதுப்பா. ஏதோ இருக்கு."

"மூச்சு மாறுறதை நான் படிவத்துல எந்தக் கட்டத்துல எழுதுறது சார்?" என்று கேட்டேன். கேட்டேனே! இந்த வாயை என்ன செய்வது? கடைசியாக ஒரே ஒரு நாள் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் ஓட்டுநரைக் குப்புறப் படுக்க வைத்தார். குட்டை முக்காலியில் அமர்ந்து, கெண்டைக்கால்மேல் கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். நமக்கெல்லாம் தெரிந்த வழக்கம்தானே? அப்போது அவர் மூச்சு விடுகிறாரா என்றே தெரியாது. கட்டிலோரம் அவர் தலை சாய்ந்தபோதும், வாசலில் நின்றிருந்த எனக்கு உறைக்கவில்லை. கூப்பிடப் போன செவிலியரை, "உஷ், சத்தம் போடாதீங்க, சார் பாத்துக்கிட்டிருக்கார்" என்று தடுத்தவன் நான்தான். நான்தான், பெரியோர்களே!

"சார் கை தளர்ந்து போச்சு! யாராவது வாங்களேன்!" என்று கத்தியவர் அந்த ஓட்டுநர். ஓடினோம். மாரடைப்பு. இத்தனை மருத்துவர்கள் இருக்கும் கட்டடத்துக்குள்ளேயே அவரைப் பறிகொடுத்தோம்.

அன்று மாலை, சாரின் துணைவியார் நம் அண்ணியிடம் நடந்ததைத் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்.

"குப்புறப் படுத்திருந்தவருக்கு இவரு கை தளர்ந்தது எப்படித் தம்பி தெரிஞ்சுது?"

இருபது ஆண்டு அனுபவம் என்று மார்தட்டுகிறவனுக்கு அது ஏன் தோன்றவில்லை? புதன்கிழமை விடிந்ததும் ஓட்டுநரிடம் ஓடினேன். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, இடது கெண்டைக்காலை அழுத்தினேன். "இப்போ அழுத்துறீங்க... இப்போ விட்டுட்டீங்க" என்றார். பத்து முறையில் எட்டு முறை சரி! நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இயந்திரத்தின்மேல் பழி போட மாட்டேன். அதனிடம் அசைவைத்தான் கேட்டோம், உணர்வைக் கேட்கவில்லை; கேட்டதை அது சொன்னது. தொட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான். இனி எந்த நோயாளியையும் நம் கையால் தொட்டுப் பார்க்காமல் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று, அண்ணியின் முன்னால் நம் துறை முழுவதற்கும் சேர்த்து உறுதி கூறுகிறேன்.

ஓட்டுநர் அண்ணே, நீங்கள் வந்திருப்பது எனக்குத் தெரியும். உங்கள் கோப்பைத் திறந்துவிட்டேன். நாளை எட்டரை மணிக்கு நானே உங்கள் காலைப் பிடிக்கிறேன். என் கைக்கு அவ்வளவு தெரியாது. கோபம் வந்தால் வாய்விட்டுத் திட்டுங்கள். வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.