கீசரில் சூடு குறைந்த நேரம்

என் மனைவி பூங்கோதைக்குச் சளி உடம்பு, ஐயா. சித்திரை வெயிலிலும் வெந்நீரில்தான் குளிப்பாள். அதனால்தான் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோது அந்த மெஷினை வாங்கி வந்து கீசரின் தெர்மோஸ்டாட்டோடு இணைத்தேன்.

சூடு எனக்குப் புதிதல்ல. மஸ்கட் போவதற்கு முன்னால் இதே விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை பார்த்தவன். சூடு கொஞ்சம் இறங்கினாலும் ஏன் இறங்கியது என்று கேட்காமல் விடமாட்டேன். அந்தக் குணம் போகவில்லை. மெஷினுக்குள் ஒரு சிம் கார்டு, தனியாக ஒரு பேட்டரி. காலையில் மஸ்கட்டிலிருந்து நான் மிஸ்டு கால் கொடுத்தால் கீசர் ஓடும், ராத்திரி இன்னொன்று கொடுத்தால் நிற்கும். இடையில் தண்ணீரின் சூடு குறைந்தால் என் செல்லுக்கு மெசேஜ் வரும்.

பூங்கோதைக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டு ஆராயியிடம், "எங்க வூட்டுக்காரரு அங்கேர்ந்து ரிங் வுட்டா இங்க தண்ணி சுடுது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இரண்டாயிரத்து எட்டில் மத்தியான வேளைகளில் மெசேஜ் வர ஆரம்பித்தது. கிட்டத்தட்ட தினமும். காலையிலேயே குளித்துவிடுகிற பெண் தனியாக இருக்கும் வீட்டில், மத்தியானம் வெந்நீர் யாருக்கு? போனில் கேட்டேன்.

"நான் தண்ணியே தொறக்கலைங்க. கரண்ட்டு இல்ல. அப்பறம் எப்படி சூடு நிக்கும்?"

பக்கத்திலேயே நெய்வேலியில் ஊருக்கெல்லாம் கரண்ட் தயாராகிறது. நம் ஊரில் தினமும் கரண்ட் இல்லை என்றால், வெளிநாட்டில் இருப்பவன் என்ன நினைப்பான்? வேறு யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் மானம் போகும். அவள் மானத்தையும் நினைத்துத்தான் பேசாமல் இருந்தேன்.

தீபாவளிக்கு மூன்று நாள் வந்தேன். கரண்ட் ஒரு தடவைகூடப் போகவில்லை. "பண்டிகைன்னு வுட்டு வெச்சிருக்காங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் பலகாரம் கொடுக்க ஆராயி வீட்டுக்குப் போயிருந்தபோது கீசரைத் திறந்து ஓர் ஒயரை எடுத்தேன், இன்னொன்றை இடம் மாற்றினேன். அதற்குப் பிறகு என்னுடைய இரண்டாவது செல்லிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால் தண்ணீரிலும் கரண்ட் வரும்.

மஸ்கட் போய்ச் சேர்ந்த பிறகு, மத்தியானம் மெசேஜ் வந்ததும் அந்தச் செல்லிலிருந்து அடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் வழக்கம்போல, "சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். தப்பித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அவளே போன் செய்தாள். "எண்ணெ தேச்சிருக்கேன். குளிச்சிட்டு கோயிலுக்குப் போவணும். வெச்சிடட்டுங்களா?"

வைத்துவிடு என்றேன். அவள் தண்ணீரைத் திறந்து, சூடு குறைந்ததாக மெசேஜ் வரும்வரை பொறுத்திருந்து அடித்தேன்.

ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டிருப்பாள் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் வந்ததும் முதல் வேலையாக ஒயர்களைப் பழையபடி மாட்டி, கீசரை ஓடவிட்டேன். துக்கத்துக்கு வந்தவர்கள் குளிக்க வெந்நீர் வேண்டுமல்லவா.

கருமாதியன்று மத்தியானம் கூடத்தில் பந்தி நடந்தது. குளியலறைக் கதவு என் கண்ணெதிரே திறந்து கிடந்தது. உள்ளே யாருமில்லை. திடீரென்று ஃபேன் நின்றது. ஒருவரும் தலை நிமிரவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த ஆராயி மட்டும், "கரண்ட்டு போற நேரம் ஆயிட்டுது. ஜன்னலத் தொறந்து வுடுங்க, காத்து வரட்டும்" என்றாள். கடைசிப் பந்தி முடிகிற வேளையில் என் சட்டைப்பையில் செல் ஒலித்தது. சூடு குறைந்துவிட்டது என்று மெசேஜ்.

வந்தவர்களை வழியனுப்பிவிட்டு நேராக இங்கே ஸ்டேஷனுக்கு வந்தேன். நான்தான் கொன்றேன், ஐயா. அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். புருஷன் சந்தேகப்படுகிறான் என்று தெரிந்தால், உண்மையைச் சொல்கிற பெண் அழ வேண்டாமா, சத்தியம் பண்ண வேண்டாமா? கரண்ட் இல்லை என்று அவ்வளவு சாதாரணமாகச் சொன்னால் எந்தப் புருஷன் நம்புவான்?