பதினோரு நிமிட வீடியோ

ஒரு பொருளைச் சோதித்துப் பார்க்காமல் அதைப் பற்றி எழுதுவது எனக்குப் பிடிக்காது. திருத்தணி பேருந்து நிலையத்துக்கு எதிரே வீடியோ கடை நடத்தினாலும், உங்கள் கணினி மாத இதழில் ஆறு வருடம் விமர்சனம் எழுதியவன் நான். என்னைப் பற்றி ஒரு கடிதம் வந்ததென்று ஆசிரியர் என்ற முறையில் நீங்கள் விளக்கம் கேட்டிருப்பதால், 2008இல் நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த வருடம் எனக்கு எஸ்.எஸ்.டி. என்ற புதுவகைச் சேமிப்புக் கருவி ஒன்றை அனுப்பினீர்கள். சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். உள்ளே சுழலும் தட்டு கிடையாது. கீழே விழுந்தாலும் பதிந்தது அழியாது என்று பெட்டியில் போட்டிருந்தது. அதை அப்படியே நம்புவதற்கு விமர்சகன் எதற்கு?

அப்போது கே.ஜி.கண்டிகையிலிருந்து பாஞ்சாலி அம்மாள் செவ்வாய்தோறும் கடைக்கு வருவார். அவருடைய மகள் கயல்விழி முந்தைய வருடம் காய்ச்சலில் இறந்துவிட்டாள். பத்தொன்பது வயது. அதற்குச் சில மாதம் முன்னால் அவள் அண்ணன் ஸ்ரீதரின் கல்யாணத்தை நான்தான் படம் எடுத்தேன். பந்தியில் கேமராவை மறித்து நின்று, மாமன்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று நடித்துக் காட்டியபடி பதினோரு நிமிடம் பேசியிருந்தாள். தேவையில்லை என்று கல்யாண சி.டி.யில் அதை வெட்டிவிட்டேன். டேப்பில் வேறு கல்யாணம் பதிந்தாயிற்று. மிச்சம் என் கணினியில் மட்டும்தான். அம்மாள் மலைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, என் ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் பார்ப்பார். மற்ற வாடிக்கையாளர்கள் நிற்பார்கள். நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

ஒருநாள் கேட்டார்: "இத்த வூட்டுக்கு எடுத்துகினு போறாப்பல ஏதுனா பண்ணிக் குடு தம்பி. நீ கடைய மூடிட்டா எம் பொண்ண நான் எங்க போயி பாக்கறது?"

நியாயமான கேள்வி. புதிய கருவியில் போட்டுத் தருகிறேன் என்றேன்.

இன்னொரு பிரதி இருந்தால் கை நடுங்காது. கை நடுங்காமல் செய்வது விளையாட்டு, சோதனையல்ல. எனவே வீடியோவை அதில் ஏற்றிவிட்டு, கணினியில் இருந்ததை அழித்தேன். மேசையிலிருந்து போட்டேன், பெண் பேசினாள். மொட்டைமாடியிலிருந்து போட்டேன், பேசினாள். மலைப்படியில் உருட்டினேன்; அப்போதும் பேசினாள். நிறுவனம் சொன்னது உண்மை என்று குறித்துக்கொண்டேன். ஆனால் அது மின்வெட்டுக் காலம். நம் வாசகர்களை நினைத்து, பதிவு ஓடும்போதே மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தேன். ஒன்பதாவது தடவை கருவி விழிக்கவில்லை. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை என்பதையும் எழுதி, ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுத்தேன்.

கருவியை அம்மாளிடம் கொடுத்தேன். பெண் உள்ளே பத்திரமாக இருக்கிறாள், அடிக்கடி மாட்டினால் கெட்டுவிடும், கொஞ்ச வருடம் அப்படியே வைத்திருங்கள் என்றேன். மறுவாரம் ஒரு மூட்டை வேர்க்கடலை கொண்டுவந்தார். மறுத்தால் மனம் வருந்துவார் என்று வாங்கிக்கொண்டேன். இரண்டு வருடம் அவர் நிம்மதியாக இருந்தார். அந்த நிம்மதி நான் கொடுத்தது. செவ்வாய்க்கிழமைகளில் என் கடையிலும் வேலை தடையில்லாமல் நடந்தது.

போன மாதம் ஸ்ரீதர் கருவியைச் சென்னைக்கு எடுத்துப் போயிருக்கிறான். ஒன்றும் திறக்கவில்லை. அங்கே பழுதுபார்ப்பவர், இதே கருவியைப் பற்றிய என் பழைய கட்டுரையை எடுத்துக் காட்டியிருக்கிறார். வேறு பிரதியே இல்லாத ஒரு கல்யாண வீடியோவை வைத்துச் சோதித்தேன் என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தேன். வாசகரிடம் நான் எதையும் மறைத்ததில்லை.

மறுநாள் அம்மாள் வந்தார். ஸ்டூலை நகர்த்திப் போட்டேன், உட்காரவில்லை.

"வேற எதுனா போட்டுப் பாத்திருக்கக் கூடாதா தம்பி? எம் பொண்ணு கொரலு அது ஒண்ணுல தான கீது."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிறகுதான் உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறார். கவனமில்லாமல் செய்துவிட்டேன் என்று அதில் இருப்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. என் மகளின் காதுகுத்து வீடியோவும் அதே கணினியில்தான் இருந்தது. அதை இரண்டு சி.டி.யில் எடுத்து, ஓடுகிறதா என்று பார்த்து, பீரோவில் வைத்துப் பூட்டிய பிறகுதான் நான் சோதனையையே தொடங்கினேன்.