எரிச்சல் குறைந்த பிறகு

உட்காருங்கள் என்று நீங்கள் சொன்னதே பெரிய உதவி, இன்ஸ்பெக்டர் ஐயா. காலையிலிருந்து நின்றதில் முட்டி விட்டுப்போய்விட்டது. பாதுகாப்பு அதிகாரி என்றால் நாற்காலியைத் தேய்ப்பவன் என்றுதான் வெளியே நினைக்கிறார்கள். எங்கள் சோப்புக் கம்பெனியில் எனக்கு நாள் முழுக்க நடைதான். நடந்துகொண்டே ஒரே வசனம்: கண்ணாடி போடு, கண்ணாடி போடு. கடைசியில் எனக்கே கண்ணாடிக்காரர் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

காஸ்டிக் தொட்டிப் பக்கம் போகிறவர்கள் போடவேண்டிய, ஓரத்தில் ரப்பர் வைத்த கண்ணாடி அது. காஸ்டிக் என்பது எண்ணெயைச் சோப்பாக்குகிற காரம். கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று வகுப்பெடுத்து என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். எல்லாரும் தலையாட்டுவார்கள். வெளியே போனதும் கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிடும். கேட்டால், ஆவி படியுது, ஒண்ணும் தெரியல என்பார்கள். கண் கழுவவென்று ஒரு குழாய் வைத்திருக்கிறோம், மேல்நோக்கி இரண்டு பக்கமும் பீச்சும். அதில் சாப்பாட்டு டப்பா கழுவுவார்கள். திட்டியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன்.

இதில் முதல் ஆள் எங்கள் வீட்டு மாப்பிள்ளை, என் தங்கையின் கணவர். நான்தான் வேலை வாங்கிக் கொடுத்தேன். வாய்தான் நீளம், மனசு தங்கம். சாப்பாட்டு நேரத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைப் போலவே நடந்து காட்டுவார். "மச்சான், நேத்து உங்க தங்கச்சி வெங்காயம் நறுக்கினா. மொதல்ல கண்ணாடியப் போடுன்னுட்டேன்." ஷெட்டே சிரிக்கும். நானும் சிரித்துவைப்பேன். வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோபத்தில் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், அது பொய்.

அன்றைக்குப் பம்ப் பக்கத்தில் ஒரு குழாய் மூட்டு பிய்த்துக்கொண்டது. பழைய மூட்டு, யாரும் எதுவும் செய்யவில்லை. குழாய் ஃபிட்டர் மேல் கேஸ் போட்டிருக்கிறீர்களாமே, அந்த மனுஷனை விட்டுவிடுங்கள். காஸ்டிக் மாப்பிள்ளையின் முகத்தில் நேராக அடித்தது. கண்ணாடி வழக்கம்போல நெற்றியில். நான்தான் முதலில் ஓடினேன். கண்ணைத் தேய்க்க விடாமல் கையைப் பிடித்து இழுத்துப்போய், கண் கழுவும் குழாயில் குனியவைத்து, இமைகளை விரலால் பிரித்துப் பிடித்தேன். "கண்ண உருட்டுங்க மாப்ள. மேல பாருங்க, கீழ பாருங்க." அவர் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. வகுப்பில் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தேன். அதுவரைக்கும் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

சற்று நேரத்தில் அவர் அடங்கினார். நனைந்த இமையைச் சிமிட்டிக்கொண்டு, "எரிச்சல் குறைஞ்சிடுச்சு மச்சான். உங்க மொகம் தெரியுது. கண்ணாடி இல்லாமலே நல்லாத்தான் தெரியுது," என்றார். சுற்றி நின்றவர்களுக்குப் போன உயிர் வந்தது, சிரித்தார்கள். ஓர் ஆள் தன் கண்ணாடியை மறுபடி நெற்றிக்குத் தள்ளிக்கொண்டதைப் பார்த்தேன்.

காரத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது. வலி குறைந்த பிறகும் அது உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். அரை மணி நேரமாவது விடாமல் கழுவ வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக வேண்டும். எரிச்சல் நின்றதை நம்பிக் குழாயை மூடாதீர்கள் என்பதுதான் என் வகுப்பின் கடைசிப் பாடம். அதற்குள் எல்லாரும் எழுந்து போயிருப்பார்கள்.

நாளைக்கு இதையும் இவர் நடித்துக் காட்டுவார் என்று தோன்றியது. காஸ்டிக்கே பட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று ஷெட் முழுக்கப் பேச்சாகும். அப்புறம் என் வார்த்தையை யார் மதிப்பார்கள்? அலுத்துவிட்டது ஐயா. "போதும், நல்லாக் கழுவியாச்சு," என்று சொல்லிக் குழாயை மூடினேன். துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, நிழலில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். வண்டிக்கு ஆள் அனுப்பினேன், அவசரம் என்று சொல்லி அனுப்பவில்லை.

அரை மணி நேரம் கழுவினோம் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். அந்த அம்மா கண்ணோரத்தில் ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்தார், அது நீலமாகிவிட்டது, காரம் இன்னும் உள்ளே மிச்சம் என்று அர்த்தம். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மறுபடி கழுவ ஆரம்பித்தார். அதற்குள் இரண்டு கருவிழியும் வெந்த முட்டை மாதிரி வெளுத்துவிட்டன. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீ மட்டும் பக்கத்துல இல்லேன்னா என்ன ஆயிருக்கும்," என்று அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை. மாப்பிள்ளை என்றால் எனக்கு உயிர்.

இப்போது ஷெட்டில் போய்ப் பாருங்கள். ஒருவர் நெற்றியிலும் கண்ணாடி கிடையாது. ஆவி இப்போதும் படியத்தான் செய்கிறது, யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஒவ்வொரு வகுப்புக்கும் மாப்பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டிவந்து முன்னால் நிறுத்துவேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னால் கழற்றுவார். முன்பு மாதிரி கேலி பேசுவதில்லை. அத்தனை பேர் கண்ணையும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் காப்பாற்றியிருக்கிறோம்.

நான் சொன்னதையெல்லாம் அவரிடம் படித்துக் காட்டுங்கள், எனக்குப் பயமில்லை. அன்றைக்கே விஷயத்தைச் சொல்லிக் கேட்டிருந்தால், குழாயை மூடுங்க மச்சான் என்று அவரே சொல்லியிருப்பார்.