காதோரம் ஒரு சின்ன வெட்டு

— கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு உனக்கு?

— ஏசிங்க.

— ஏசி எனக்கும்தான் அடிக்குது. பயமா இருக்குன்னு சொல்லேன்.

— பயந்தாங்க. போதுமா? நர்ஸ் இந்தத் தாளைக் குடுத்துட்டுப் போயிருக்கா. புருஷன் கையெழுத்தும் வேணுமாம்.

— வாசி.

— ‘முழு மயக்கம் தரப்படாது. காதோரம் மட்டும் சிறிய வெட்டு. தொங்கும் தாடைச் சதை தூக்கித் தைக்கப்படும். அன்றே வீடு திரும்பலாம்.’ பெரிய ஆபரேஷன் மாதிரி எல்லா இடத்துலயும் கத்தி வைக்கிறதில்லையாம்.

— நல்லதெல்லாம் மொதல்லயே போட்டுட்டான். சரி, மேல வாசி.

— ‘வீக்கம் இரண்டு மூன்று வாரம் இருக்கும். தோலுக்கடியில் ரத்தம் கட்டலாம். தழும்பு தடிக்கலாம். காது மடல் மரத்துப் போகலாம்.’

— எத்தனை வருஷம் தாங்கும்?

— அஞ்சாறு வருஷம்னு டாக்டர் சொன்னார். பெரிய ஆபரேஷன்னா பத்து வருஷம் வருமாம். ஆனா ஆபத்தும் பெருசு.

— அஞ்சு வருஷத்துக்காக மூஞ்சில கத்தியா? பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சா என்ன பண்ணுவே?

— இப்ப மட்டும் என்ன வாழுதாம்? இப்பவே குரங்குதான்.

— யார் சொன்னா?

— கண்ணாடி சொல்லுது. உங்களுக்குக் கண்ணு போனப்ப எனக்கு நாப்பத்திரண்டு வயசு. பதினோரு வருஷமா ‘நீ அப்படியேதான் இருப்பே’ன்னு சொல்லிச் சொல்லி என்னை எங்கயோ தூக்கி வச்சிட்டீங்க. இப்ப கண்ணு ஆபரேஷனும் முடிஞ்சாச்சு. வெளிச்சம் மட்டும் தெரியுதுங்கறீங்க. ஒரு மாசத்துல எல்லாம் தெளிஞ்சிடும்னு கண் டாக்டர் சொல்றார். அதுக்குள்ள இந்த வீக்கம் வடிஞ்சாகணும்.

— அப்ப எனக்குப் பயந்துதான் இங்க வந்து உக்காந்திருக்கே.

— ஆமாங்க. கத்தியை விட உங்க கண்ணுக்குத்தான் பயமா இருக்கு.

— எனக்கும் பயமாத்தான் இருக்குடி. சின்ன வெட்டோ பெரிய வெட்டோ, அது உன் மூஞ்சி. உனக்கு பிரஷர் வேற. ரத்தம் உறையாம இருக்க ஒரு மாத்திரை போடறியே, அதைச் சொன்னியா?

— சொன்னேன். டாக்டரைக் கேட்டுத்தான் போன வாரமே நிறுத்தினேன்.

— நான் பாத்துட்டு சும்மா சிரிச்சேன்னு வையி. அப்ப இதெல்லாம் எதுக்கு?

— பாக்காத வரைக்கும் இப்படித்தான் பேசுவீங்க. பாக்கறப்ப உங்க மூஞ்சி ஒரு நொடி மாறும் பாருங்க, அந்த ஒரு நொடியை என்னால தாங்க முடியாது.

— மாறலைன்னா?

— மாறும்ங்க. உங்களை எனக்குத் தெரியாதா?

— சரி, மேல வாசி.

— அவ்வளவுதான்.

— முடிஞ்சுதா?

— முடிஞ்சுதுங்க. பிரஸ்ல பிழை திருத்தின பழக்கம் இன்னும் விடல உங்களுக்கு. பேப்பர் வாசிச்சாலும் இதே குறுக்கு விசாரணைதான். இந்தாங்க பேனா. என் விரல் இருக்கற இடத்துல போடுங்க.

— போடமாட்டேன்.

— ஏங்க, உள்ள கூப்பிடறாங்க.

— கூப்பிடட்டும். ‘முக நரம்பு பாதிக்கப்பட்டால் ஒரு பக்கம் சிரிக்க முடியாமல் போகலாம். சிலருக்கு இது நிரந்தரம்.’ இதை ஏன் வாசிக்காம விட்டே?

— அது... அதை உங்களுக்கு யார் சொன்னா?

— யாரும் சொல்லல. கண்ணுக் கட்டை அவுத்த அன்னிக்கு ரெண்டு கையாலயும் மூஞ்சியை மூடிக்கிட்டு நின்னே. அதைப் பாத்துட்டுத்தான் வெளிச்சம் மட்டும் தெரியுதுன்னு சொன்னேன். அப்புறம்தான் நீ கையை எடுத்தே. பத்து நாளா உன்னைப் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்.