விட்டத்து வண்டு

ரப்பர் வண்டு பாவப்பட்ட பூச்சி, ஐயா. கடிக்காது, பயிரைத் தின்னாது. மாசியில் ரப்பர் மரம் இலை கொட்டும். அந்தச் சருகுக்குள் முட்டையிடும், புழுவாகிச் சருகையே தின்று வளரும். முதல் மழைக்கு வண்டாகி, விளக்கு எரிகிற வீட்டுக்குப் பறந்து வரும். பிறகு கூரைக்குள் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். நசுக்கினால்தான் அதன் நீர் பட்டுத் தோல் வெந்துபோகும்.

ஹல்துமுல்லைக்குக் கீழே எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி நான். மகன் பாக்கியநாதனுக்குக் கல்யாணம் முடிந்தது. லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு அறைதான், காம்பரா என்போம். அந்த ஒரே காம்பராவில் மருமகளையும் வைத்துக்கொண்டு நானும் என் மனைவியும் எங்கே படுப்பது? பக்கத்துக் காம்பராவில் கருப்பம்மா இருந்தாள். புருஷன் செத்தபோது வயிற்றில் இருந்த பிள்ளையைப் பிறகு பெற்றவள். விடியற்காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு வந்து வேலைக்குப் போகாதவர்களுக்குக் காம்பரா கிடையாது என்பது தோட்டத்துச் சட்டம். இனி இவள் எங்கே வரப்போகிறாள் என்று இருந்தேன். கைக்குழந்தையைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு முதல் ஆளாக வந்து நின்றாள். எனக்கு வயிறு எரிந்தது.

அவளாகவே போகட்டும் என்றுதான் நினைத்தேன். உரத்துக்கு என்று சொல்லி, ரப்பர் மலைச் சருகை எல்லாம் அவள் சுவருக்குப் பின்னால் குவிக்க வைத்தேன். மழை வந்தது, வண்டும் வந்தது. சோற்றில் விழுந்தது, குழந்தையின் கழுத்தைப் புண்ணாக்கியது. லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. எங்கள் பக்கமும் வந்தது. பொறுத்துக்கொண்டேன். வேறொருத்தியாக இருந்தால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பாள். இவள் என் வாசலுக்கு வந்தாள்.

“பிள்ளை தூங்கமாட்டேங்குது கங்காணி ஐயா. ஏதாச்சும் மருந்து இருந்தா குடுங்க” என்றாள்.

ஸ்டோரில் பூட்டி வைத்திருந்த பூச்சித் தூளைக் கொடுத்தேன். என் வீட்டாரை அன்றைக்கு அப்புத்தளைக் கோயில் திருவிழாவுக்கு அனுப்பியிருந்தேன். தூவியது அவள் கை, என் கை இல்லை. நான் பக்குவம்தான் சொன்னேன்.

“விட்டத்து மேல நல்லாத் தூவு. கதவைச் சாத்திக்க. பிள்ளையத் தரையில போடாத, வண்டு ஊரும். தொட்டில்லயே போடு.”

தகப்பன் இல்லாத பிள்ளைக்கு வேறு யார் சொல்வார்கள்?

விடிந்தபோது குழந்தை எழும்பவில்லை. அடக்கம் முடிந்ததும் கருப்பம்மா அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மகன் பக்கத்துக் காம்பராவில் குடியேறினான்.

தொட்டில் எங்கே தொங்கியது என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும் ஐயா. அந்த விட்டத்தில்தான் தொங்கியது. புருஷன் இல்லாதவள், பாவம், யார் கட்டிக் கொடுப்பார்கள் என்று நான்தான் என் கையால் கட்டிக் கொடுத்தேன்.