நுரை வராத பால்

பாலில் கலப்படம் செய்பவன் ஊரின் மனசாட்சியில் கலப்படம் செய்கிறான். எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியின் தலைவர் என்ற முறையில் ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் இதைச் சொல்லி வருகிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். ஆனால், ஐயா, விசாரணைக்கு வந்திருக்கும் உங்களிடம் நான் சொல்ல வேண்டியது காப்பிக்கு நுரை அடிக்கிற மெஷினைப் பற்றி.

என் மகளை லாஸ்பேட்டையில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். பொங்கலுக்குப் போயிருந்தபோது சம்பந்தி சுப்புராயன் ஒரு காப்பி கொடுத்தார். மேலே நுரை, நுரையிலேயே வரைந்தது போல ஓர் இலை.

“இன்னா சம்பந்தி அப்பிடி பாக்கறீங்க? ஊருக்கே பால் அளக்கறீங்க, இத்த பாத்ததில்லியா?” என்றார்.

அவர் வீட்டார் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். அடுத்த மாதம் அவர் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அதற்குள் என் வீட்டுக் காப்பியிலும் இலை மிதந்தாக வேண்டும்.

நன்றாக ஆராய்ந்துதான் வாங்கினேன். கையால் குத்துகிற ஜாடி வகை உண்டு. ஒரு தலைவர் அடுப்படியில் குத்திக்கொண்டு நிற்பது அழகல்ல. பிளக்கில் மாட்டுகிற கெட்டில் வகை உண்டு. எங்கள் பக்கத்துக் கரண்ட், விருந்தாளி வரும் நேரம் பார்த்துப் போகும். எனவே பேட்டரியில் சுற்றுகிற குச்சியைத் தேர்ந்தெடுத்தேன். நுனியில் சுருள் கம்பி. வாங்கியவர்கள் எழுதியிருந்ததையெல்லாம் படித்தேன். மேகம் போல நுரை என்று ஒருவர் எழுதியிருந்தார்.

மேகம் வரவில்லை. குமிழி வந்தது, உடைந்தது. பேட்டரியை மாற்றினேன், அப்போதும் உடைந்தது. குச்சியைச் சாய்த்துப் பிடித்தேன், சட்டையில் தெறித்தது. பால் காய்ச்சுவதிலிருந்து எல்லாம் நானேதான். மெஷின் பக்கம் யாரும் வரக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன்.

என் மனைவி ஆதிலட்சுமி கதவோரம் நின்றபடி, “ரெண்டு ஆத்து ஆத்துனா நுரை தானா வருது. இதுக்குப் போயி இன்னாத்துக்குங்க பேட்டரி?” என்றாள். ஆற்றின நுரையில் இலை நிற்காது என்பது அவளுக்குத் தெரியாது.

மெஷின் நல்ல மெஷின். நான் தேர்ந்தெடுத்தது. அப்படியானால் குறை பாலில்தான் இருக்க வேண்டும். இந்த யோசனையில் தவறு இருப்பதாக எனக்கு இப்போதும் படவில்லை.

பால், காசம்மாள் வீட்டுப் பால். பின்தெருவில் ஒற்றை மாட்டை வைத்துப் பிழைத்தவள். எங்கள் வீட்டுக்குச் சொம்பில் கொடுத்துவிட்டு மீதியைச் சொசைட்டியில் ஊற்றுவாள். சொசைட்டியின் லாக்டோமீட்டரை வீட்டுக்கு எடுத்து வந்தேன். காய்ச்சி ஆறவைத்த பாலில் விட்டேன். முங்கியது. தண்ணீர் கலந்த பாலில்தான் அது அப்படி முங்கும்.

மறுநாள் காலை, வரிசையில் நின்றவர்கள் முன்னால் அவள் கேனைத் திருப்பி அனுப்பினேன். குரலைக்கூட உயர்த்தவில்லை.

“மாட்டுக்குத் தண்ணி வெப்பேன் தலைவரே, பால்ல ஊத்த மாட்டேன். இங்கியே மீட்டர உட்டுப் பாரு,” என்றாள்.

“பார்த்தாச்சு,” என்றேன். மீட்டர் என் வீட்டு அடுப்படியில் இருந்தது.

“அதான் காசம்மா கேனு எப்பவும் ரொம்பி வழியுதா?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். வரிசையே சிரித்தது. அது என் பொறுப்பல்ல.

அடுத்த நாள் மாட்டையே என் வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டாள். “அண்ணே, உன் கண்ணெதுர கறக்கறேன். நீயே அளந்து பாரு. தண்ணியா இருந்தா செருப்பாலயே அடி.”

மாடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் அளக்கவில்லை. அன்று காலை பால் காய்ச்சும்போதே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஆனால் தலைவர் சொன்ன சொல்லை மாற்றினால், நாளைக்கு வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரும் மீட்டரைத் தன் கையில் கேட்பார்கள். ஒரு மாட்டுக்காக ஒரு நிறுவனத்தைக் கவிழ்க்க முடியாது. “சட்டம்னு ஒண்ணு இருக்கு காசம்மா,” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். ஆதிலட்சுமி அன்றிலிருந்து எனக்குப் பதில் மட்டும்தான் சொல்கிறாள்; அவளாக எதுவும் பேசுவதில்லை.

பால் விலைபோகாமல் அவள் மாட்டை விற்கப் பார்த்தாள்; தண்ணிப்பால் என்று பேர் விழுந்த மாட்டை உள்ளூரில் எவரும் வாங்க முன்வரவில்லை. மடியில் பாலோடு அடிமாட்டு லாரியில் ஏறியது. காசம்மாள் இப்போது ஏதோ ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறாள். மாதம் பிறந்தால் சம்பளம். சாணி அள்ளுகிற வேலை இல்லை. ஒரு வகையில் அவளுக்கு நான் நல்லதுதான் செய்திருக்கிறேன். அவள் அப்படி நினைக்காததால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

சம்பந்தி சொன்னபடி வந்தார். பாக்கெட் பாலை வாங்கிக் காய்ச்சி, அவர் எதிரிலேயே மெஷினைப் போட்டேன். நுரை அதிலும் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “டீ இருந்தா குடுங்க சம்பந்தி,” என்றார்.

அவள் மாட்டை ஓட்டி வந்த அன்று காலை எனக்குப் பிடிபட்டது என்ன என்று கேட்கிறீர்கள். பால் அடிப்பிடித்தால் பாத்திரம் தேய்ப்பவளிடம் நான் பேச்சு வாங்க வேண்டும். அதனால் பால் ஊற்றுமுன் பாத்திரத்தில் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் விட்டுக்கொள்வேன். மீட்டரில் அளந்த அன்றும் விட்டிருந்தேன்.

கை பழகிவிட்டது. சம்பந்தி வந்த அன்றும் விட்டேன்.