பேப்பர் கஞ்சி

மேரிசெல்வி: ...அதை மட்டும் அழிக்கச் சொல்லும், சிவராணி. மற்றதெல்லாம் சரி.

சிவராணி: எதை மிஸ்? ஒடியல் பிட்டையோ?

மேரிசெல்வி: ‘பேப்பர் கஞ்சி’யை.

சிவராணி: ஐயோ... றொகான் அண்ணை இப்பதான் விலைப்பட்டியல் போர்ட் எழுதி முடிச்சவர். விடிஞ்சால் கடை திறப்பு.

மேரிசெல்வி: பெயின்ற் காயமுதல் துடைக்கச் சொல்லும்.

சிவராணி: பெரியமடுப் பொம்பிளையள் எங்களுக்குச் சமைச்சு விக்கப் பழக்கினதும் நீங்கள், இந்தக் கடையை எடுத்துத் தந்ததும் நீங்கள். உங்கட கஞ்சி இல்லாமல் என்ன கடை?

மேரிசெல்வி: என்ர கஞ்சி எண்டு ஆர் சொன்னது?

சிவராணி: மனைப்பொருளியல் மிஸ்ஸா வரமுதல் நீங்கள் பேப்பரிலை எழுதினனீங்கள் தானே. மன்னாரிலை முதல் பொம்பிளை நிருபர் எண்டு...

மேரிசெல்வி: முதலோ கடைசியோ... சைக்கிளிலை திரிஞ்சனான். அவ்வளவுதான்.

சிவராணி: பேப்பரின்ர பெண்கள் பக்கத்திலை இந்தக் கஞ்சிக் குறிப்பு வந்தது. ஒரு பிடி குறுணல் அரிசி, முசுட்டை இலை, நிறையத் தண்ணி...

மேரிசெல்வி: நிப்பாட்டும்.

சிவராணி: ஏன் மிஸ்?

மேரிசெல்வி: அது சமையல் குறிப்பில்லை, பிள்ளை. செய்தி.

சிவராணி: ம்... சொல்லுங்கோ.

மேரிசெல்வி: சண்டைக் காலம். சனம் பட்டினி எண்டு எழுதினால் அச்சிலை வராது. காட்டோரத்திலை ஒரு கொட்டில் வீட்டுக்குப் போனன். அடுப்பிலை கண்டதை அப்பிடியே சமையல் குறிப்பெண்டு எழுதி அனுப்பினன். அங்கை உப்புக்கூட இல்லை. நானும் உப்பெண்டு எழுதேல்லை.

சிவராணி: பிறகு?

மேரிசெல்வி: பிறகென்ன, கடிதமாய் வந்து குவிஞ்சுது. உப்பை மறந்திட்டீங்கள், எவ்வளவு போடுறது எண்டு...

சிவராணி: சிரிக்கக் கூடாது மிஸ். ஆனால்...

மேரிசெல்வி: சிரியும். நானும் சிரிச்சனான். பிறகு அழுதனான். நான் எழுதினது ஒருதருக்கும் விளங்கேல்லை. சரி, சனத்துக்குச் சமையல்தான் வேணுமெண்டால் அதையே ஒழுங்காப் படிச்சுச் சொல்லுவம் எண்டு இந்தப் பக்கம் வந்திட்டன்.

சிவராணி: நல்லகாலம் வந்தனீங்கள். இல்லாட்டி எங்களுக்கு ஆர் இருந்தது?

மேரிசெல்வி: கதையை மாத்தாதையும். அந்தக் கொட்டிலிலை இருந்த பட்டினிக்கு விலை போட்டு விக்கிறதோ? அந்த வீட்டுக்காரர் கண்டால் என்ன நினைப்பினம்?

சிவராணி: போர்ட்டிலை கஞ்சிக்கு விலை எங்கை போட்டிருக்கு? வடிவாப் பாருங்கோ.

மேரிசெல்வி: ...ஒண்டும் எழுதேல்லையே.

சிவராணி: எழுத மாட்டம். ஆர் வந்து கேட்டாலும் அதைச் சும்மாதான் குடுப்பம்.

மேரிசெல்வி: ஏன் பிள்ளை?

சிவராணி: அது எங்கட அம்மான்ர அடுப்பு, மிஸ். அவ வெக்கப்பட்டு, தான் சாகுமட்டும் என்னைச் சொல்ல விடேல்லை. நீங்கள் வந்து போய்க் கொஞ்ச நாளிலை சேர்ச்சுச் சுவாமி ஒருத்தர் லொறியோடை வந்தவர். அரிசிக்கு முதல் உப்பு மூட்டையைத்தான் இறக்கினவர்... கையிலை உங்கட பேப்பர்.